போர்த்தாத பாத்தி

குலசேகரன் தவச்சாலைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு நாற்பத்து நான்கு.

வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு பள்ளியில் முப்பத்தொரு வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர் அவர். கேள்வி கேட்டே பழகிய வாய். மனைவி போன பிறகு வீட்டில் கேள்வி கேட்க ஆளில்லை. பழனிமலைத் தொடரின் மேற்குச் சரிவில் அரசியம்மா என்று ஒருவர் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். ஒரு பையோடு மலை ஏறினார்.

அரசியம்மா அதிகம் பேச மாட்டார். வருகிறவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பார். அதைச் செய்துகொண்டு இருக்க வேண்டியதுதான்.

தியான மண்டபத்துக்குப் போகும் வழியின் இரு பக்கமும் இரண்டு பூப்பாத்திகள் இருந்தன. ஐப்பசி மழை ஓய்ந்ததும் அவற்றில் பான்சியும் பெட்டூனியாவும் நட்டிருந்தார்கள். இடப்பக்கப் பாத்தி குலசேகரனுக்கு. வலப்பக்கம் வடமலைக்கு. வடமலை நிலக்கோட்டைக்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேசினால் கடைசி ஸீட் வரைக்கும் கேட்கும்.

"குளிர் முடியிற வரைக்கும் இதுங்களைப் பாத்துக்கங்க," என்றார் அரசியம்மா. "தண்ணி காலையில மட்டும். வாடினதைக் கிள்ளிருங்க. உரம் வேணாம்."

"உரம் ஏம்மா வேணாம்?" என்றார் குலசேகரன்.

"குளிர்காலம்."

இது ஒரு பதிலா என்ற கேள்வி வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டார்.

கார்த்திகையில் இரண்டு பாத்தியும் பூத்தன. குலசேகரனுடைய பாத்தி கொஞ்சம் அதிகமாகவே பூத்தது. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து, வாரம் ஒருமுறை யாரும் பார்க்காத நேரத்தில் ஊற்றினார். மாலையில் வெயில் தாழ்ந்ததும் இன்னொரு தடவை தண்ணீர் விட்டார். செடிகள் தளதளவென்று எழும்பின. வாடிய பூவைக் கிள்ள அவருக்கு மனம் வரவில்லை. கிள்ளினால் பாத்தியில் நிறம் குறையும்.

வடமலை கிள்ளிக்கொண்டே இருந்தார். மண்ணின் மேல் காய்ந்த சருகைப் பரப்பிவிட்டார். அவருடைய செடிகள் குட்டையாக, பாதி மொட்டையாக நின்றன.

மண்டபத்துக்கு வருகிறவர்கள் இடப்பக்கம்தான் நின்று பார்த்தார்கள்.

ஒருநாள் பத்துப் பேர் நிற்கும்போது குலசேகரன் கேட்டார். "என்ன வடமலை, செடிக்கெல்லாம் மொட்டை போட்டிருக்கீங்க? பழனிக்கு நேர்த்திக்கடனா?"

எல்லோரும் சிரித்தார்கள். வடமலையும் சிரித்தார். "முருகன் கேட்டான் சார், குடுத்துட்டேன்," என்றார்.

மார்கழி பிறந்து இருபது நாள் ஆனபோது கீழேயிருந்து போன் வந்தது. வடமலையின் மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. வடமலை கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"சார், பாத்தியைக் கொஞ்சம் பாத்துக்கங்க."

"நீங்க கிளம்புங்க. நான் இருக்கேன்ல."

அந்த வார்த்தையை நம்பி வடமலை மலை இறங்கினார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பால்காரர் வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "தொடைச்சு வச்ச மாதிரி இருக்கு. இன்னைக்கு உறைபனி விழும். செடியெல்லாம் மூடிருங்க."

கொட்டகையில் பன்னிரண்டு சாக்கு இருந்தன. ஒரு பாத்திக்கு ஆறு போதும். குலசேகரன் எண்ணிப் பார்த்தார், அளந்தும் பார்த்தார். பிறகு தன் பாத்தியின் மேல் ஆறு சாக்கைப் போர்த்தினார். மிச்சம் ஆறையும் அதன் மேலேயே போர்த்தினார்.

நிமிர்ந்தபோது வலப்பக்கப் பாத்தி கண்ணில் பட்டது. அந்த மொட்டைச் செடிகளில் காப்பாற்ற என்ன இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புத் தூவினதுபோல் இருந்தது. அடுத்த இரண்டு இரவும் பனி விழுந்தது. குலசேகரன் சாக்கை எடுக்கவே இல்லை. பகலில் எடுத்துவிட வேண்டும், செடிக்குக் காற்று வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பனியிலும் முன்பு விட்ட தண்ணீரிலும் சாக்குகள் ஊறிக் கனத்துச் செடிகளின் மேல் படுத்துக்கிடந்தன.

நான்காம் நாள் எடுத்தார். நாற்றம் அடித்தது. பிண்ணாக்குத் தின்று கொழுத்த தண்டுகள் கறுத்து, கூழாகி, சாக்கோடு ஒட்டிக்கொண்டு வந்தன. ஒரு செடி கூட மிஞ்சவில்லை.

வலப்பக்கம் திரும்பினார். வடமலையின் செடிகள் இலை ஓரம் கொஞ்சம் கருகி, அப்படியே நின்றன. நடுவில் ஒரு மஞ்சள் பான்சி விரிந்திருந்தது.

குலசேகரன் சாக்குகளை வாரி எறிந்தார். அவை வலப்பக்கப் பாத்தியின் ஓரமாகப் போய் விழுந்தன. அவர் வேண்டுமென்று அங்கே எறியவில்லை. அந்த ஒன்றை மட்டும் அவர் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்தார்.

மறுநாள் வடமலை வந்தார். பேரன் பிறந்திருந்தான். ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், பிழைத்துவிடுவான் என்கிறார்கள். சொல்லிக்கொண்டே வந்தவர் பாத்திகளைப் பார்த்ததும் நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். தன் பாத்தியின் ஓரத்தில் ஈரச் சாக்குகள் கிடப்பதைப் பார்த்தார்.

"சார்," என்றார். "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? உங்களுதை விட்டுட்டு என்னுதைப் போர்த்தினீங்களா?"

குலசேகரன் வாயைத் திறந்தார். அதற்குள் வடமலை அவர் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த நொடி அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அதற்கடுத்தது இன்னும் கஷ்டம்.

பொங்கலன்று மண்டபத்தில் நாற்பது பேர் கூடினார்கள். வடமலை எழுந்து நின்றார்.

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்பாங்க. இவர் தன் பிள்ளையைச் சாகக் குடுத்துட்டு என் பிள்ளையைக் காப்பாத்தின மனுஷன். இவரை நான் முன்ன என்னமோன்னு நினைச்சிருக்கேன். வாய்க்கொழுப்பு பிடிச்ச வாத்தியார்னு. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

ஒரு சால்வையைக் கொண்டுவந்து குலசேகரன் தோளில் போட்டார். கூட்டம் கைதட்டியது. அரசியம்மா கைதட்டவில்லை. தட்டியவர்களைத் தடுக்கவும் இல்லை. குலசேகரன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அவரால் கண்ணை மூடி உட்கார முடியவில்லை. எதிரே வருகிறவர் வணக்கம் சொன்னால் காது மடல் சுட்டது. புதிதாக வந்தவர்களிடம் யாராவது வெறும் பாத்தியைக் காட்டிக் கதை சொல்வார்கள். அவர் சமையல்கட்டைச் சுற்றி வேறு வழியில் நடக்கத் தொடங்கினார்.

தை பத்தாம் தேதி வடமலை அவரைத் தேடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், பேரனைப் பெட்டியிலிருந்து எடுத்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை பேர் வைக்கிறோம். மககிட்ட உங்க கதையைச் சொன்னேன். அழுதுட்டா. குலசேகரன்னே வைப்போம்ப்பான்னு சொல்றா. நீங்க வேணாம்னு சொல்லக்கூடாது."



அன்று மாலையே குலசேகரன் குருவைத் தேடிப் போனார். அரசியம்மா வடமலையின் பாத்தியருகே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து வாடிய பூக்களைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"ஒருத்தன் ஒரு நல்லது செய்யல. ஆனா செஞ்சதா ஊர் நினைச்சுக்கிச்சு. அவன் பொய் சொல்லல. சும்மா இருந்தான். அது தப்பா?"

"யாரு அந்த ஒருத்தன்?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

"பொதுவா எனக்கு ஒண்ணும் தெரியாது ஐயா. உக்காருங்க. இந்தப் பக்கம் நீங்க கிள்ளுங்க."

உட்கார்ந்தார். வாடிய பூவின் இதழ்களைப் பிடித்து இழுத்தார். சுலபமாக வந்தன. வேகவேகமாகப் பத்துப் பதினைந்து பூக்களை முடித்தார். பாத்தி சுத்தமாகிவிட்டதுபோல் தெரிந்தது.

அரசியம்மா அவர் முடித்த செடி ஒன்றைக் கையில் தாங்கிப் பிடித்தார். இதழ் போன இடத்தில் பச்சையாக, மிளகு அளவில் ஒரு காய் இருந்தது.

"இது இருக்கே."

"அது கண்ணுக்குத் தெரியலையே அம்மா."

"செடிக்குத் தெரியும். தன்கிட்ட இருக்கிறதையெல்லாம் இதுக்குத்தான் குடுக்கும். அப்புறம் பூக்காது." காம்பைக் கீழே பிடித்துக் காயோடு கிள்ளிப் போட்டார். "மறுபடி முதல்ல இருந்து வாங்க."

குலசேகரன் மறுபடி தொடங்கினார். மூன்றாவது செடியில் கை நின்றுவிட்டது.

"அம்மா, அந்த ஒருத்தன் நான்தான்."

அவர் சொன்னார். பிண்ணாக்கைச் சொன்னார். பன்னிரண்டு சாக்கைச் சொன்னார். ஆறு போதும் என்று தெரிந்ததைச் சொன்னார். சாக்குகள் தற்செயலாக அந்தப் பக்கம் விழுந்ததைச் சொன்னார். அதை இரண்டு முறை சொன்னார். சொல்லி முடித்ததும் கண்ணீர் வந்தது. கூடவே பெரிய பாரம் இறங்கினதுபோல் இருந்தது.

"சொல்லிட்டேம்மா. இப்பத்தான் நெஞ்சு லேசா இருக்கு."

அரசியம்மா அடுத்த பூவைக் கிள்ளினார்.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"உங்ககிட்டதாம்மா."

"இது என் பாத்தி இல்லையே."

குலசேகரன் கையிலிருந்த பூவைக் கீழே போட்டார். பிறகு மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

வடமலை கொட்டகையில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். குலசேகரன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பிண்ணாக்குத் தண்ணீரிலிருந்து தொடங்கினார். சாக்கு தற்செயலாக விழுந்ததை இந்தத் தடவை சொல்லவில்லை.

வடமலை மண்வெட்டியைக் கழுவுவதை நிறுத்தவில்லை. கழுவி முடித்துச் சுவரில் சாய்த்த பிறகு கேட்டார்.

"பன்னெண்டு சாக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"என் பாத்திக்கு ஒண்ணு கூடப் போடலையா?"

"இல்லை."

"நான் கேட்டுட்டுத்தானே போனேன் சார்."

குலசேகரன் தரையைப் பார்த்தார்.

"பொங்கலன்னைக்கு நான் பேசுறப்ப நீங்க தரையைப் பாத்துட்டு இருந்தீங்க," என்றார் வடமலை. "எவ்வளவு அடக்கமான மனுஷன்னு நினைச்சேன்."

அதைவிட அவர் அடித்திருக்கலாம். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளைத் தன் முன்னால் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர் குலசேகரன். அந்தப் பிள்ளைகள் ஏன் கால் கட்டைவிரலால் தரையைக் கீறினார்கள் என்று இப்போது புரிந்தது. அவருடைய விரலும் கீறிக்கொண்டிருந்தது.

வடமலை சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். குலசேகரன் முன்னாலேயே பேசினார்.

"அம்மாடி... நான்தான். அந்தப் பேர் வேணாம்டா. வேற பாப்போம்... இல்லம்மா, ஒண்ணுமில்ல. சார் நல்லாத்தான் இருக்கார். அவருக்குக் கூச்சமா இருக்காம்... சரி, வை."

போனை உள்ளே வைத்துவிட்டு, குலசேகரனைத் தாண்டி வெளியே போனார்.

காரணத்தை அவர் மகளிடம் சொல்லவில்லை. குலசேகரனுக்கு அதுதான் தாங்கவில்லை.

ஞாயிறு காலை மண்டபத்தில் கூடினபோது, கண்களை மூடும் முன் குலசேகரன் எழுந்தார். யாரும் அவரை எழச் சொல்லவில்லை. பள்ளிப் பிரேயரில் அரைமணி நேரம் பேசியவர். அன்று மூன்றே வாக்கியம்.

"வடமலையோட பாத்தியை நான் போர்த்தல. பன்னெண்டு சாக்கையும் என் பாத்திக்கே போட்டேன். அவர் செடி அவர் வளர்த்ததால பிழைச்சுது."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வெட்கப்பட்டு இருமினார். மற்றவர்கள் அசையவில்லை. வடமலை அன்று அங்கே இல்லை. பேர் வைக்கக் கீழே போயிருந்தார்.

சால்வையை மடித்து வடமலையின் அறை வாசலில் வைத்தார் குலசேகரன். வடமலை திரும்பி வந்த பிறகும் அது இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் பார்த்தால், சமையல்கட்டில் மாவு அரைக்கும் அம்மாள் அதைப் போர்த்திக்கொண்டிருந்தார்.

வடமலை பேசவில்லை. ஒரு வாரம் போனது. பத்து நாள் போனது. காலையில் இருவரும் எதிரெதிர்ப் பாத்தியில்தான் குனிந்தார்கள். வலப்பக்கம் பூ ஏறிக்கொண்டு வந்தது, மஞ்சளும் ஊதாவுமாக. இடப்பக்கம் வெறும் மண். குலசேகரன் அதைக் கொத்திவிட்டார், கல் பொறுக்கினார், அழுகின வேரைத் தோண்டி எடுத்தார். முடித்துவிட்டு மறுநாள் மறுபடியும் கொத்தினார். வருகிறவர்கள் இப்போது இடப்பக்கம் நிற்கவில்லை. பார்க்காததுபோலக் கடந்து போனார்கள்.

மாசி பிறந்ததும் அவர் குருவிடம் போனார்.

"அம்மா, எனக்கு வேற வேலை குடுங்க."

"என்ன வேலை?"

"சமையல்கட்டுப் பின்னாடி. பாத்திரம் கழுவுறேன். விறகு அடுக்குறேன். வழியில நிக்க வைக்காதீங்க."

அரசியம்மா யோசித்தார்.

"நேத்து கீழ ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸம்மா வந்தாங்க," என்றார். "வார்டு ஜன்னலுக்கு வெளிய கொஞ்சம் மண் சும்மா கிடக்காம். படுத்திருக்கிறவங்க பாக்கிற மாதிரி நாலு பூச்செடி வச்சுக் குடுங்கன்னாங்க. வடமலை ஒத்துக்கிட்டார். வாரம் மூணு நாள் இறங்கிப் போய் வரணும்."

"நல்லது அம்மா."

"தனியா முடியாது, துணைக்கு ஒரு ஆள் வேணும்னார். நான் உங்களை அனுப்புறதா இருக்கேன்."

குலசேகரன் பதறினார். "வேணாம்மா. அவர் என்கிட்ட பேசியே இருபது நாளாச்சு. அவர் பக்கத்துல நடக்கவே எனக்கு வெட்கமா இருக்கு. மனசு சுத்தமா இருக்கிறவங்க யாரையாவது அனுப்புங்க. அவருக்கும் அதுதான் நல்லது."

"நானும் அவர்கிட்ட அதைத்தான் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"வெட்கம் தெரிஞ்ச ஆளா அனுப்புங்கன்னார்."